செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள்

எங்கள் வீட்டில் ஓடும் சின்ன பெட்ரோல் காருக்கு 16 வயது. அதன் செல்ஃப் மோட்டாரை இதுவரை 4 முறை கழற்றி மாட்டியிருக்கிறேன், இன்றும் வண்டியோடு வந்த அதே மோட்டார்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. தெருவிலும் சொந்தத்திலும் யாருடைய வண்டி காலையில் முரண்டு பிடித்தாலும் மல்டிமீட்டரோடு போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. இப்படிப் பார்த்த வண்டிகளில் "செல்ஃப் போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க" என்று பட்டறையில் சொல்லப்பட்டவை நிறைய. அவற்றில் பலவற்றில் மோட்டாரில் பழுதே கிடையாது, வெளியே இருக்கும் வயரிலோ டெர்மினலிலோதான் கோளாறு. மோட்டாரில்தான் பழுது என்றாலும் தேய்ந்தது சில நூறு ரூபாய் பிரஷ்ஷோ புஷ்ஷோதான். அதற்காகப் பல ஆயிரம் கொடுத்து முழு மோட்டாரையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சில பழுதுகளில் பழையதைத் தட்டிக்கொட்டி ஓட்டுவது வீண் செலவு, சிலவற்றில் ஆபத்தும்கூட. எது எது என்பதை வண்டி காட்டும் அறிகுறியை வைத்தே பிரித்துவிடலாம்.

தொடங்கும் முன்

கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே. சாவி திருப்ப ஒருவர், மீட்டர் பிடிக்க ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். லுங்கி நுனி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளுக்குப் பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் கிடையாது. சாவி ஆஃபில் இருந்தாலும் அதில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ஸ்பேனர் ஒரு முனையில் அந்த நட்டையும் மறு முனையில் பாடியையும் தொட்டால் ஸ்பேனரே பழுத்துச் சிவக்கும். அதனால் மோட்டாரைத் தொடும் முன் பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். மோதிரம், உலோகச் செயின் வைத்த வாட்ச் இரண்டையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். மோட்டார் அடிப்பக்கமாக இருக்கும் வண்டியென்றால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கண்டிப்பாக வேண்டும்.

முதல் சோதனை எல்லா அறிகுறிக்கும் பொது, அரை நிமிடம்கூட ஆகாது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட் படுத்துவிட்டால் பேட்டரி வலுவில்லை, அல்லது டெர்மினல் சரியில்லை, அல்லது மோட்டார் இறுகிப்போய்க் கரண்டை இழுக்கிறது. லைட் கொஞ்சமும் மங்கவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. இந்த ஒரு வித்தியாசம் தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அறிகுறி 1: "டிக் டிக் டிக் டிக்" என்று வரிசையாக அடிக்கிறது

இது செல்ஃப் மோட்டார் பழுதாக இருப்பது மிக அபூர்வம். சோலனாய்டு, அதாவது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச், இழுக்கிறது, வோல்டேஜ் விழுகிறது, அது விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தச் சத்தம்தான் இது.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள். கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து இறுக்குங்கள். கையால் அசைத்தால் அசைகிற டெர்மினல் சரியில்லாத டெர்மினல்தான். அடுத்து பேட்டரி வோல்டேஜ். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போடாமல் வேறு எதையும் சோதிக்காதீர்கள். சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி மேல்தான் முதல் சந்தேகம். பக்கத்து வண்டியின் பேட்டரியை ஜம்பர் கேபிளில் கொடுத்துப் பாருங்கள், டக்கென்று எடுத்தால் மோட்டாரை விட்டுவிடலாம். வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வரை வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணவில்லை, புது பேட்டரி போட்டாலும் இதே கதைதான் தொடரும்.

அறிகுறி 2: ஒரே ஒரு "டிக்", அப்புறம் மௌனம்

அதிகம் தப்பாகக் கணிக்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

பேட்டரியும் டெர்மினலும் சரி என்று உறுதி செய்த பிறகு மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் சோலனாய்டைப் பாருங்கள். அதில் இரண்டு பெரிய போல்ட்டுகள். ஒன்றில் பேட்டரி கேபிள், மற்றொன்றிலிருந்து மோட்டாருக்குள் போகும் குட்டைப் பட்டை. இது தவிர ஒரு சின்ன வயர், சாவியிலிருந்து வருவது. மீட்டரின் கறுப்பு முனையை மோட்டார் உடம்பில் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி போல்ட்டில் 12 வோல்ட் இருக்கிறது, மோட்டார் பக்கப் போல்ட்டில் ஒன்றும் இல்லை என்றால்: சோலனாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனை கருகியிருக்கிறது. மூடியைத் திருகில் கழற்ற முடிகிற சோலனாய்டாக இருந்தால் உள்ளே இருக்கும் செம்பு வட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். சில வகைகளில் வட்டைத் திருப்பிப் போட்டாலே புது முகம் கிடைக்கும், போல்ட் தலையையும் அரைச் சுற்று திருப்பி வைக்கலாம். என் வண்டியில் இரண்டாவது முறை கழற்றியபோது செய்தது இதுதான், 5 வருடம் தாங்கியது. மடக்கி அடைத்த சோலனாய்டு என்றால் பிரிக்க முயலாதீர்கள், சோலனாய்டை மட்டும் தனியாக வாங்கலாம். அதற்காக முழு மோட்டார் வேண்டாம்.

மோட்டார் பக்கப் போல்ட்டிலும் கரண்ட் வந்துவிட்டது, ஆனாலும் சுற்றவில்லை என்றால்: உள்ளே சுழலும் பாகமான ஆர்மேச்சர் போயிருக்கிறது, அல்லது அதற்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இங்கே பட்டறைக்காரர்களின் பழைய சோதனை ஒன்று உண்டு. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மோட்டார் உடம்பில் சுத்தியலின் மரப்பிடியால் லேசாகத் தட்டுவது. எடுத்துவிட்டால் அனேகமாகப் பிரஷ்தான், இன்னும் சில நாள் ஓடும், அதற்குள் கழற்றிவிட வேண்டும். இரும்பால் ஓங்கி அடிக்காதீர்கள். இப்போது வரும் சின்ன மோட்டார்களில் காயிலுக்குப் பதிலாக நிலைக்காந்தம் ஒட்டியிருக்கும், அடியில் விரிசல் விட்டு உடைந்துவிடும். அப்புறம் பிரஷ் மாற்றி முடிய வேண்டிய வேலை புது மோட்டாரில்தான் முடியும்.

அறிகுறி 3: சத்தமே இல்லை, ஹெட்லைட்டும் மங்கவில்லை

ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பி-யிலிருந்து என்-க்கு மாற்றிப் பாருங்கள். கிளட்ச் அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டியென்றால் பெடலை முழுதாக மிதியுங்கள். பெடலுக்கு மேல் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சின் வயர் கழன்றிருப்பதை இரண்டு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். டேஷ்போர்டில் சாவிப் படம் வேகமாக மினுக்கினால் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி சாவியை ஏற்கவில்லை, இன்னொரு சாவியை எடுத்துப் பாருங்கள். அடுத்து ஃபியூஸ், ஸ்டார்ட்டர் ரிலே. ஒரே மாதிரி எண் போட்ட பக்கத்து ரிலேயை இங்கே மாற்றிக் குத்தி ஒரு தடவை பார்க்கலாம்.

இவ்வளவும் சரியென்றால் சோலனாய்டின் அந்தச் சின்ன வயரில் சாவி திருப்பும்போது வோல்டேஜ் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது இடைப்பட்ட வயர், இதை எலக்ட்ரீஷியனிடம் விடலாம். வருகிறது, ஆனால் டிக் சத்தம்கூட இல்லை என்றால் சோலனாய்டு காயில் அறுந்திருக்கலாம், அல்லது பிரஷ் முழுக்கத் தேய்ந்திருக்கலாம். ஆமாம், பிரஷ்ஷேதான். சோலனாய்டில் இழுக்கும் காயிலுக்கான கரண்ட் மோட்டாரின் பிரஷ் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது, பிரஷ் தொடவில்லை என்றால் இழுப்பே வராது. இதைத் தெரியாமல் சோலனாய்டு மட்டும் மாற்றிவிட்டு, இன்னும் எடுக்கவில்லையே என்று கடைக்கும் வீட்டுக்கும் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 4: சுற்றுகிறது, ஆனால் இழுத்து இழுத்துச் சோம்பலாக

பேட்டரி நல்லது என்று தெரிந்த பிறகு எர்த் வயரைப் பாருங்கள். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று இருக்கும், வருடக்கணக்கில் யாரும் தொடாத பொருள் அது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவ் கம்பத்திலும் மறுமுனையைச் செல்ஃப் மோட்டார் உடம்பிலும் வைத்து, சாவியைத் திருப்பி இன்ஜினைச் சுற்ற விடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதேபோல் பேட்டரி பாசிடிவ் கம்பத்திலிருந்து சோலனாய்டு பெரிய போல்ட் வரை, இங்கே 0.5-க்கு மேல் போகக் கூடாது. எங்கள் சித்தப்பா காருக்கு ஒரு பட்டறையில் புது மோட்டாரே போட்டுக் கொடுத்துவிட்டார்கள், இரண்டாம் நாளே பழையபடி இழுத்தது. போய்ப் பார்த்தால் எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துருவும் பெயின்டும். தேய்த்து இறுக்கியதும் பிரச்சினை போய்விட்டது. கழற்றிய பழைய மோட்டார் இன்னும் நல்ல நிலையில் அவர் ஷெட்டில் கிடக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வயர் எல்லாம் சரியென்றால் புஷ். ஆர்மேச்சர் இரண்டு முனையிலும் சுழல்வது சின்ன வெண்கல புஷ்களில். அவை தேய்ந்தால் ஆர்மேச்சர் ஒரு பக்கம் சாய்ந்து உள்சுவரை உரசும், மோட்டார் கரண்டை அள்ளிக் குடிக்கும், ஆனால் வேகம் வராது. மோட்டாரைக் கழற்றிப் பின் மூடியைத் திறந்து தண்டைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் புஷ் மாற்ற வேண்டும். புஷ் விலை மிகக் குறைவு. பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைச் சரியான குழாய்த் துண்டு வைத்து நேராக இறக்க வேண்டும், நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் வாய் நசுங்கும். எண்ணெய் உறிஞ்சும் நுண்துளைகள் உள்ள வெண்கல புஷ் என்றால் போடுவதற்கு முந்தைய நாளே இன்ஜின் ஆயிலில் ஊறப் போட்டுவிடுங்கள், அந்த எண்ணெய்தான் அதன் ஆயுள். இதைச் செய்யாமல் காய்ந்த புஷ்ஷை அடித்துக் கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி வந்தது என்பார்கள்.

ஆர்மேச்சர் உரசி அதன் இரும்புத் தகடுகள் பளபளவென்று தேய்ந்திருந்தால் மட்டும் புஷ் மாற்றுவதோடு நிறுத்தாமல் கடையில் சோதிக்கக் கொடுங்கள்.

அறிகுறி 5: சூடாக இருக்கும்போது மட்டும் எடுக்காது

காலையில் நன்றாக எடுக்கும், பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி 5 நிமிடம் கழித்துத் திருப்பினால் டிக் மட்டும் வரும், அரை மணி நேரம் ஆறினால் மறுபடி எடுக்கும். சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் மோட்டார் இருக்கும் வண்டிகளில் இது அதிகம். சூட்டில் சோலனாய்டு காயிலின் தடை கூடுகிறது, அதோடு பழைய சுவிட்சிலும் வயரிலும் வோல்டேஜ் கொஞ்சம் விழுந்தால் இழுக்கும் பலம் போதாமல் போகிறது. சூடாக இருக்கும்போதே சின்ன வயரில் அளந்து பாருங்கள். பேட்டரியைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லித் தனியாக ஒரு ரிலே போட்டுக்கொள்ளலாம், மோட்டாரைத் தொட வேண்டாம். வோல்டேஜ் சரியாக வந்தும் எடுக்கவில்லை என்றால்தான் சோலனாய்டு அல்லது புஷ்.

அறிகுறி 6: "விர்ர்ர்" என்று மோட்டார் மட்டும் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை

பெண்டிக்ஸ் என்று கடைகளில் சொல்லும் பாகம், அதாவது முன்பக்கப் பல்சக்கரமும் அதன் ஒருவழி கிளட்ச்சும் போயிருக்கிறது. மோட்டாரைக் கழற்றி அந்தப் பல்சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். ஒரு பக்கம் லேசாகச் சுற்ற வேண்டும், மறுபக்கம் ஆர்மேச்சரோடு சேர்ந்து பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் வழுக்கினால் பெண்டிக்ஸை மாற்றுங்கள், அதைப் பழுது பார்ப்பது நிலைக்காது. ஒன்று முக்கியம்: சுத்தம் செய்கிறேன் என்று பெண்டிக்ஸை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ முக்காதீர்கள். கிளட்ச்சுக்குள் அடைத்த கிரீஸ் கரைந்து வெளியேறிவிடும், நல்ல பாகம்கூடச் சில மாதத்தில் வழுக்கத் தொடங்கும். துணியால் துடைத்தால் போதும்.

பெண்டிக்ஸ் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் அதைத் தள்ளும் பிளாஸ்டிக் கவட்டை உடைந்திருக்கும். அதுவும் தனியாகக் கிடைக்கும்.

அறிகுறி 7: "கர்ர்ர்" என்று பல் அரைபடும் சத்தம்

முதலில் மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். அப்புறம் கழற்றி பல்சக்கரத்தின் பற்களைப் பாருங்கள், நுனி உருண்டு மழுங்கியிருந்தால் பெண்டிக்ஸ் மாற்ற வேண்டும்.

சில நேரம் அரைபடும், சில நேரம் சரியாக எடுக்கும் என்றால் ஃபிளைவீலின் ரிங் கியர், அதாவது செல்ஃப் பல்சக்கரம் கடித்துச் சுற்றும் இன்ஜின் பக்கப் பல்வளையம், மேல் சந்தேகப்படுங்கள். 4 சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் நிற்கும், அதனால் அந்த இடங்களில் மட்டும் பல் தேயும். அரைபடுகிற சமயம் சாவியை ஆஃப் செய்து, நாலாவது கியர் போட்டு, வண்டியை அரை அடி தள்ளி, நியூட்ரலுக்கு வந்து மறுபடி திருப்புங்கள். சுத்தமாக எடுத்தால் ரிங் கியர்தான். இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், கியர்பாக்ஸை இறக்கி, ரிங்கைச் சூடேற்றி ஃபிளைவீலில் இறுக்க வேண்டிய வேலை அது, வீட்டில் செய்வதல்ல. கிளட்ச் பிளேட் மாற்றும் நேரம் நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் கூலி ஒரு தடவையோடு போகும்.

அறிகுறி 8: சாவியை விட்ட பிறகும் மோட்டார் நிற்கவில்லை

உடனே பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள், 10 எம்எம் ஸ்பேனர் ஒன்றை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். சோலனாய்டின் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ரிலே ஒட்டியிருக்கும், அல்லது இக்னிஷன் சுவிட்ச் திரும்பி வரவில்லை. சில நிமிடத்தில் கேபிள் புகைந்து தீப்பிடிக்கக்கூடிய பழுது இது. இதில் மட்டும் தேய்த்து மாட்டும் வைத்தியம் வேண்டாம், ஒட்டிய பாகத்தைப் புதியதாகப் போடுங்கள். ஒருமுறை இப்படி ஓடிய மோட்டாரின் ஆர்மேச்சரையும் சோதிக்காமல் மாட்டாதீர்கள்.

அறிகுறி 9: தண்ணீரில் நின்ற வண்டி, "டொக்" என்று அடித்து நிற்கிறது

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலும் வண்டியைத் தண்ணீரில் விட்டவர்களுக்கு இது தெரியும். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, பிஸ்டன் முட்டி நிற்கும். அதைச் செல்ஃப் போய்விட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி திருப்பினால், தள்ளி ஸ்டார்ட் செய்தால், கனெக்டிங் ராடு வளையும். சாவியைத் தொடாதீர்கள், டோ செய்து மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்ற பேச்சு.

பிரஷ் மாற்றும்போது

பிரிக்கும் முன் மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள், மாட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும். பழைய பிரஷ் புதியதில் பாதி நீளத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். சொருகும் வகை என்றால் சுலபம். ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வகை என்றால் பின்னல் வயரை முனைக்குச் சற்று மேலே குறடால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பற்றவையுங்கள், இல்லாவிட்டால் ஈயம் பின்னல் முழுக்க ஏறி அது கம்பியாக விறைத்துப்போகும், பிரஷ் அழுந்தாது. பிரஷ் உரசும் செம்புக்கட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் சுற்றித் தேயுங்கள், எமரி வேண்டாம், அதன் துகள் செம்புக்கட்டைகளுக்கு நடுவே தங்கிக் கரண்டைக் கடத்தும்.

கையோடு ஆர்மேச்சரையும் பார்த்துவிடுங்கள். மீட்டரை பீப் நிலையில் வைத்து ஒரு முனையைத் தண்டிலும் மறுமுனையை ஒவ்வொரு செம்புக்கட்டையிலும் வையுங்கள். எங்கேயாவது பீப் அடித்தால் உள்ளே ஷார்ட், பிரஷ் மாற்றிப் பயனில்லை. ஒரு கட்டை மட்டும் கருகியிருந்தாலும், வார்னிஷ் கருகிய வாடை வந்தாலும், ஈயம் தெறித்து உள்சுவரில் ஒட்டியிருந்தாலும் அதே முடிவுதான். காயில் கட்டித் தருகிறேன் என்பார்கள். பழைய லாரி, டிராக்டர் மோட்டாருக்கு அது சரி. சின்ன கார் மோட்டாருக்குக் கட்டும் கூலியோ புது ஆர்மேச்சர் விலையோ, எதைப் பார்த்தாலும் முழு மோட்டாருக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதைவிட மாற்றிவிடலாம். காந்தம் உடைந்தாலும், முன்பக்க அலுமினிய மூக்கில் விரிசல் விட்டாலும் மாற்றத்தான் வேண்டும். சிக்னலில் தானாக நின்று தானாக எடுக்கும் வண்டிகளின் மோட்டாரை நான் பிரிப்பதில்லை, ஒரு நாளைக்குப் பல மடங்கு வேலை செய்யும்படி செய்தவை அவை, வீட்டு பிரஷ் தாங்காது. ஹைப்ரிட் வண்டியென்றால் பானெட்டை மூடிவிட்டு சர்வீஸுக்குப் போன் செய்யுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால்

சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதியது கிடைக்கும், புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். எங்கே வாங்கினாலும் கழற்றிய மோட்டாரைக் கையோடு எடுத்துப் போய் பல்லின் எண்ணிக்கை, சுற்றும் திசை, போல்ட் துளைகளின் இடைவெளி மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பழையது என்றால் கடையிலேயே ஜம்பர் கேபிளில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பல்சக்கரம் டக்கென்று வெளியே வந்து, சீராகச் சுற்றி, விட்டதும் உள்ளே போக வேண்டும். மோட்டாரை யாராவது காலால் மிதித்துப் பிடிக்காமல் ஓட்ட விடாதீர்கள், துள்ளும்.

மாட்டும்போது இன்ஜினில் அது உட்காரும் முகத்தைத் துடைத்துத் துருவைச் சுரண்டுங்கள், அந்த முகம்தான் மோட்டாருக்கு எர்த். முதல் நாள் குளிர்ந்த நிலையில் ஐந்தாறு தடவை, சூடான பிறகு ஐந்தாறு தடவை ஸ்டார்ட் செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும் 10 வினாடிக்கு மேல் திருப்பிப் பிடிக்காமல், எடுக்கவில்லை என்றால் நடுவில் ஒரு நிமிடம் ஆறவிட்டு. ஒரு வாரம் கழித்து நெகடிவைக் கழற்றிவிட்டு அந்தப் பெரிய கேபிள் நட்டையும் மோட்டார் போல்ட்டுகளையும் இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள்.